இரண்டரைப் பவுண் ஈயம்

அக்காவின் மகனுக்குக் கலியாணம். தாய்மாமன் இல்லாமல் பொன்னுருக்கு நடக்காது என்று அக்கா தொலைபேசியில் அழுததால் லண்டனுக்குப் புறப்பட்டேன். மனைவிக்கு முதியோர் இல்லத்தில் லீவு கிடைக்கவில்லை. நோர்வேயின் வடக்கே, கடலை ஒட்டிய ஒரு சிற்றூரில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்பவன் நான். யாழ்ப்பாணத்தில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். நோர்வே மொழி வேலைத்தலத்தில் ஒட்டிக்கொண்டது, ஆங்கிலம் ஒட்டவில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் பேசுவது எனக்கு எந்த மொழியிலும் வராது.

சுரங்க ரயிலில் முதல் நாளே மாட்டிக்கொண்டேன். கெனிங்டன் என்ற நிலையத்தில் எல்லாரும் இறங்கினார்கள். நான் போகவேண்டியது இன்னும் அப்பால், கோலியர்ஸ் வுட்டுக்கு. ஆகவே பையை மடியில் வைத்தபடி இருந்தேன். சீருடை போட்ட ஒருவர் கண்ணாடியில் தட்டி ஏதோ சொன்னார். வெளியே நின்ற ஒரு தமிழ்ப் பிள்ளை சிரித்துவிட்டு எனக்கு விளக்கினாள். "அங்கிள், நீங்கள் இந்த ட்ரெயினை வாங்கிப்போட்டீங்களோ எண்டு கேக்கிறார். இது இஞ்சையோடை முடியுது. மற்றப் பக்கம் வாங்கோ." எங்கள் ஊரில் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய திட்டமே மாறிவிடும். இங்கே நான் வெட்கப்பட்டு முடிப்பதற்குள் அடுத்த ரயில் வந்துவிட்டது.

அக்கா வாசலிலேயே என்னை மறித்தாள். கட்டிப்பிடித்தாள், மெலிந்துவிட்டாய் என்றாள், பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"வேட்டைக் கதை ஒண்டும் எடுக்காதை, தம்பி. பொம்பிளை வீட்டுக்காரர் சுத்த சைவம். முட்டை போட்ட கேக்கும் தொடமாட்டினம்."

என்னைப் பேசாமல் இருக்கச் சொல்வது மீனை நீந்தச் சொல்வது மாதிரி. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன். இடியப்பமும் சொதியும் முருங்கைக்காய்க் குழம்பும் வைத்திருந்தாள். எங்களுக்கு முருங்கைக்காய் ஒஸ்லோவிலிருந்து உறைந்து, விறகு மாதிரி வந்து சேரும். லண்டன் முருங்கைக்காயைச் சப்பியபோது, இந்த ஊரில் சனம் நெருக்கியடித்து இருப்பதற்கு ஒரு காரணம் விளங்கியது.

வேட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் இலையுதிர்காலம் வந்தால் தொழிற்சாலையில் பாதிப்பேர் காட்டில் நிற்பார்கள். மூஸ் என்கிற பெரிய மான், குதிரையைவிட உயரம். அதன் இறைச்சிதான் குளிர்காலத்துக்கு. கூட வேலை செய்பவர்கள் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். பரீட்சை எழுதி, அனுமதி எடுத்து, ஒரு றைபிளும் வாங்கினேன். வேட்டையைவிட எனக்குப் பிடித்தது தோட்டாவை நானே அடைப்பது. சுட்ட வெற்றுக் கோதைக் கழுவி, தீப்பொறி தரும் புது மூடி வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை இருத்தவேண்டும். பயிற்சிக்கான குண்டை ஈயத்தில் நானே வார்ப்பேன். எந்த மிருகத்துக்கு எந்த எடையில் குண்டு என்பதுதான் இதில் முடிவே இல்லாத பேச்சு. பாரம் குறைந்தால் வேகம், கூடினால் ஆழம். இருபது வருடமாக இதை நோர்வே மொழியில் மட்டுமே பேசியிருக்கிறேன். தமிழில் இதற்குக் காது கொடுக்க ஒருவரும் இருந்ததில்லை.

புதன்கிழமை பொன்னுருக்கு. தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில் எல்லாருக்கும் முன்னால் உருக்கும் சடங்கு. அக்காவின் வரவேற்பறையில் கும்பமும் குத்துவிளக்கும் வைத்து, கூரையில் இருந்த புகைமணிக்குக் குளியல் தொப்பியைப் போட்டுக் கட்டியிருந்தார்கள். பொம்பிளை வீட்டிலிருந்து ஒரு வான் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். ஆசாரியார் மண்குகை என்கிற சின்ன உருக்குக் கிண்ணத்தில் பொற்காசை வைத்து எரிவாயுச் சுவாலையைப் பற்றவைத்தார். எல்லாரும் முன்னால் குனிந்தார்கள். கைபேசிகள் உயர்ந்தன. நான் மட்டும் ஓரடி பின்னால் போய், பையிலிருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டேன். உருகிய உலோகத்துக்கு முன்னால் வெறும் கண்ணோடு நிற்க எனக்கு வராது.

நிமிர்ந்து பார்த்தேன். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு ஆளும் பின்னால் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றார். அறுபது வயது இருக்கும். பட்டு வேட்டி, தடித்த மீசை, வலது மணிக்கட்டில் நீளமான தழும்பு.

பொன் உருகி ஒரு முத்தாகத் திரண்டது. எல்லாரும் கைதட்ட, அக்கா மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு மண்குகையை நோக்கி வந்தாள். தெளிப்பதற்கு மாவிலையை முக்கினாள். எனக்கு உயிர் போய்விட்டது. உருகிய ஈயச் சட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் சட்டி முழுவதும் வெடித்து முகத்துக்கு வரும். ஈயம் வார்ப்பவனுக்கு முதல் பாடமே அதுதான். யோசிக்காமல் பாய்ந்து செம்பைப் பிடித்தேன். அதே நேரத்தில் தழும்புள்ள கையும் செம்பைப் பிடித்தது. இரண்டு பேரும் "தண்ணி! தண்ணி!" என்று கத்தினோம். பாதித் தண்ணீர் அக்காவின் கூறைச்சேலையில் போனது.

ஆசாரியார் குறட்டால் பொன்முத்தை எடுத்துத் தட்டில் டங்கென்று போட்டுக் காட்டினார்.

"ஏன் பயப்பிடுறியள்? அது அப்பவே இறுகிட்டுது. உது காசு அளவு பொன். நீங்கள் ரெண்டு பேரும் என்ன அண்டாவிலையோ உருக்கிறனீங்கள்?"

எல்லாரும் சிரித்தார்கள், அக்காவைத் தவிர. அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சடங்கு முடிந்து எல்லாரும் பலகாரத் தட்டுகளை நோக்கிப் போனதும் என்னைச் சமையலறைப் பக்கம் இழுத்துப்போனார்.

"ஈயமோ?" என்றார் மெதுவாக.

"ஓம்" என்றேன்.

"குண்டோ?"

கதவைப் பார்த்துவிட்டு மறுபடி "ஓம்" என்றேன். அவர் என் தோளில் அடித்த அடியில் கையிலிருந்த வடை கீழே விழுந்தது.

அவர் பெயர் குணம். பொம்பிளையின் தாய்க்கு அண்ணை. கொலராடோவில் பெற்றோல் நிலையம் நடத்துகிறார். அவருடைய தங்கையும் அவரை வாசலிலேயே மறித்து, மாப்பிள்ளை வீட்டில் வேட்டைக் கதை எடுக்கவேண்டாம் என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஒரு கலியாண வீட்டில் இரண்டு சகோதரிகள் இரண்டு வாயைப் பூட்டி வைத்திருந்தார்கள்.

அடுத்த நாள், மாலைக்குப் பூச் சொல்லிவிட்டு வருகிறோம் என்று இரண்டு பேரும் டூட்டிங் கடைத்தெருவுக்கு நழுவினோம். பூவுக்கும் சொன்னோம். அதற்கு முன்னால் மட்டன் ரோல்ஸ் வாங்கினோம். கலியாண வீட்டுச் சைவச் சாப்பாடு அருமையானதுதான், ஆனால் நாலாவது நாள் கையே கோழியைத் தேடுகிறது. சூட்டோடு கடித்து வாயைத் திறந்து ஊதிக்கொண்டே குணம் அண்ணை தன் பிரச்சினையைச் சொன்னார்.

அவர் வேட்டையாடுவது கைத்துப்பாக்கியில். நோர்வேயில் அதற்கு அனுமதி இல்லை. லண்டனில் அதை வைத்திருக்கவே முடியாது. அவருடைய மாநிலத்தில் சட்டப்படி செய்யலாம். எல்க் என்ற பெரிய மானுக்கு, அவர் கேட்கும் மலையில், வருடா வருடம் சீட்டுக் குலுக்குவார்கள். பல வருடம் எழுதிப்போட்டு இந்த வருடம்தான் அவருக்கு விழுந்திருக்கிறது. கலியாணம் முடிந்து ஊருக்குப் போன அடுத்த கிழமை மலையேறவேண்டும். போய் இறங்கியதும் தோட்டா அடைக்கவேண்டும். எந்தக் குண்டு என்று மட்டும் இன்னும் முடிவில்லை.

ஏன் றைபிள் இல்லை என்று கேட்டேன்.

"றைபிள் எண்டால் அங்காலை மலையிலை நிண்டும் சுடலாம். இதுக்குக் கிட்டப் போகவேணும். கிட்டப் போறதுதான் தம்பி வேட்டை. மற்றது தபால் அனுப்புறது."

எடையைச் சொல்வதில்தான் முதலில் இடறியது. அவர் அமெரிக்கக் கிரெயினில் சொன்னார், நான் கிராமில் யோசித்தேன். நாங்கள் நின்றது ஒரு நகைக்கடைக் கண்ணாடிக்கு முன்னால். அவர் கண்ணாடியைப் பார்த்தார், விரலை மடித்தார், இரண்டு பேருக்கும் பொதுவான பவுண் கணக்குக்கு வந்தார், எட்டுக் கிராம் ஒரு பவுண். அவர் வழக்கமாகப் போடும் குண்டு இருநூற்று நாற்பது கிரெயின், கிட்டத்தட்ட இரண்டு பவுண். எல்க்குக்குப் போடு என்று அங்குள்ள சிநேகிதர்கள் சொல்வது முந்நூறு கிரெயின், இரண்டரைப் பவுணுக்குக் கொஞ்சம் குறைவு. அதன்பிறகு எங்களுக்கு எல்லாம் பவுண்தான்.

"ரெண்டோ, ரெண்டரையோ?" என்று அவர் பெருமூச்சு விட்டார். பக்கத்தில் தாலிக்கொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா திரும்பினார். "ரெண்டரையிலை என்ன கொடி அண்ணை? பதினொண்டெண்டாலும் போடுங்கோ. பிள்ளை பாவம்." குணம் அண்ணை கையெடுத்துக் கும்பிட்டார். நாங்கள் பஸ் தரிப்பிடம் வரை சிரித்தோம்.

பஸ்ஸின் மேல்தட்டில் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பாரக் குண்டு மெதுவாகப் போகும், கீழே இறங்கும், ஆகவே சற்று மேலே குறிவைக்கவேண்டும். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அது றைபிள் கதை. கைத்துப்பாக்கியிலை பாரம் மேலைதான் அடிக்கும். மெதுவாப் போறதாலை குண்டு குழாயை விட்டு வெளிக்கிடப் பிந்துது. அதுக்குள்ளை உதைப்பிலை குழாய் வாயைத் தூக்கிப்போடும்."

இத்தனை வருடம் குண்டு அடைத்தும் இது எனக்குத் தெரியாது. நாங்கள் இறங்கவேண்டிய தரிப்பு போய்விட்டது. இருவரும் கவனிக்கவில்லை. இன்னொரு பஸ் பிடித்துத் திரும்பி வந்தபோது அக்கா கேட்டாள், பூக்கடை எந்த நாட்டில் இருக்கிறது என்று.

வெள்ளிக்கிழமை வீட்டில் பலகாரம் சுட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் தேங்காய் துருவினோம். அன்றைக்குத்தான் தழும்பின் கதையைச் சொன்னார். போன குளிர்காலத்தில் பெற்றோல் நிலைய வாசலில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்துபோனது. உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். வைத்தியர் சுடலாம் என்றுவிட்டார். ஆனால் இரண்டரைப் பவுண் குண்டைப் போட்டுப் பழகத் தொடங்கினால் பத்தாவது வெடியில், அதன் உதைப்புக்குப் பயந்து கை சுருங்கத் தொடங்குகிறது. விசையை இழுக்கும் முன்னாலேயே கண் மூடிக்கொள்கிறது.

"ரெண்டைப் போட்டால் கை சுகம். ஆனால் தோள் எலும்பிலை பட்டு உடைஞ்சு உள்ளுக்கை நிண்டுட்டால்? மிருகம் ஓடும். ரெண்டு நாள் கிடந்து சாகும். ரெண்டரை எண்டால் இஞ்சாலை போய் அங்காலை வரும், உடனை விழும். ஆனால் கை பயப்பிடுது. பயந்த கையாலை சுடுறதும் அதே பாவம்தான்." தேங்காய்ப் பாதியை வைத்துவிட்டுச் சொன்னார். "சரியான முடிவு வராட்டில் நான் போகேல்லை. சீட்டைத் திருப்பிக் குடுக்கிறன். அடுத்தமுறை விழேக்கை எனக்கு எழுபது தாண்டியிடும்."

அடுத்த தேங்காயை உடைத்து அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் துருவி முடித்த தேங்காயையே மறுபடி துருவிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை கலியாணத்துக்கு முதல்நாள். வீட்டில் ஆண்கள் நிற்பதே இடைஞ்சல் என்று எங்களை விரட்டினார்கள். ரிச்மண்ட் பார்க்கில் மான்கள் அவிழ்த்துவிட்டபடி திரியும் என்று அத்தான் சொல்லியிருந்தார். போனோம். வழியில் பஸ் நின்றுவிட்டது. தெருவில் குழி தோண்டியிருக்கிறார்கள், எல்லாரும் நடக்கலாம் என்று சாரதி மகிழ்ச்சியாக அறிவித்தார். ஒரு கிழவி கைத்தடியால் நிலத்தைத் தட்டி, இந்தக் குழி என் திருமண நாளிலிருந்து இருக்கிறது என்றாளாம். குணம் அண்ணைதான் எனக்கு மொழிபெயர்த்தார். கலியாணத்துக்கு வாங்கிய புதுச் சப்பாத்தோடு வந்த அவர் பாதி வழியில் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

பூங்கா என்றால் ஊஞ்சலும் பூப்பாத்தியும் இருக்கும் என்று நினைத்தேன். அது காடு. பன்னச்செடி இடுப்பளவுக்கு வளர்ந்து நுனி பழுத்திருந்தது. சின்ன மேட்டைத் தாண்டியதும் சிவப்பு மான் கூட்டம். நடுவில் ஒரு ஆண், கொம்பில் புல் தொங்கியது. எங்கள் ஊரில் ஒரு மானைக் காண விடியமுன் எழும்பி நாள் முழுதும் நனையவேண்டும். இங்கே ஒரு பிள்ளை ஐஸ்கிரீம் நக்கியபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. மானும் பிள்ளையைப் பார்த்தது.

"என்ரை எல்க் உதைவிட ரெண்டு மடங்கு வரும்" என்றார் குணம் அண்ணை. குரல் மாறிவிட்டது.

மானுக்குக் கிட்டப் போகக்கூடாது என்று பலகை இருந்தது. தள்ளியே நின்றோம். கையில் ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. ஒரு மிடறுதான் குடித்திருந்தோம். உங்கள் துப்பாக்கி எவ்வளவு பாரம் என்று கேட்டேன். கிட்டத்தட்ட இதேதான் என்று போத்தலைத் தூக்கிக் காட்டினார். பிறகு அதைப் படுக்கையாக இரண்டு கையாலும் பிடித்து, நின்றபடி, கைகளை நீட்டி மானைப் பார்த்தார்.

நான் மானைப் பார்க்கவில்லை. போத்தலுக்குள் இருந்த காற்றுக்குமிழியைப் பார்த்தேன். மேசனுடைய ரசமட்டத்தில் இருப்பது மாதிரி அது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடிக்கொண்டிருந்தது. மணிக்கட்டு நடுங்கியது. அவருக்கும் தெரிந்தது. போத்தலைத் தாழ்த்தினார்.

"பாத்தியோ? ஒரு வெடியும் வைக்காமலே உப்பிடி."

அவர் திரும்பி நடக்கத் தொடங்கினார். அவருடைய வெறுங்காலைப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது. கூட்டத்தில் பேசாதவன்தான் நான். ஆனால் அங்கே கூட்டம் இல்லை, மான்தான் இருந்தது.

"அண்ணை, இருந்து பிடியுங்கோ" என்றேன்.

"என்ன?"

"நிலத்திலை இருங்கோ. முழங்காலிலை முழங்கையை ஊண்டுங்கோ."

அவர் புல்லில் உட்கார்ந்தார். முழங்காலை மடித்து, முழங்கைகளை ஊன்றி, போத்தலை நீட்டினார். குமிழி ஒருதரம் ஆடியது. பிறகு நடுவில் வந்து நின்றது. நின்றபடியே நின்றது. நானும் பக்கத்தில் இருந்து அதையே பார்த்தேன். ஆண் மான் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கியது.

நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்று ஏதோ கேட்டாள். உங்கள் இருவருக்கும் சுகமா, அந்தப் போத்தலில் என்ன இருக்கிறது என்று கேட்கிறாளாம். "யோகாசனம்" என்று குணம் அண்ணை ஆங்கிலத்தில் சொன்னார். அவள் மதிப்போடு தலையாட்டிவிட்டு நாயை இழுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு எனக்கே ஆச்சரியம், நான்தான் பேசினேன். ஒரு மானுக்கு ஒரு வெடிதான் கணக்கு. அந்த ஒன்றை மணிக்கட்டு தாங்கும். கை பயப்படுவது பழகும்போது வரும் பயம். ஆகவே பழகுவதற்கு மருந்தைக் குறைத்து இரண்டு பவுணைப் போடுங்கள், அது கையை வெருட்டாது. பாரக் குண்டை, அது எவ்வளவு மேலே அடிக்கிறது என்று பார்த்துக் குறியைத் திருத்துவதற்கு மட்டும் கொஞ்சம் சுட்டால் போதும். அதற்கும் முழு மருந்து வேண்டாம். தோட்டா அடைக்கும் புத்தகத்தில் உள்ள குறைந்த அளவே போதும். அவர் இடையில் மறித்தார்.

"மருந்து குறைஞ்சால் வேகம் குறையுமே."

"கிட்டப் போறதுதானே அண்ணை வேட்டை? நீங்கள்தானே சொன்னீங்கள். கிட்டப் போனால் வேகம் எதுக்கு? பாரம் தள்ளிக்கொண்டு போகும்."

அவர் நெடுநேரம் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பிறகு குறுக்குக் கேள்விகள் கேட்டார். இருக்க இடமில்லாத சரிவில் மான் வந்தால்? சுடாதீர்கள். தூரத்தில் நின்றால்? சுடாதீர்கள். வரவே வராவிட்டால்? மலையைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். கடைசியில் எழும்பி காற்சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டினார்.

"ரெண்டரை" என்றார். "இருந்து ரெண்டரை. இல்லாட்டில் வெறுங்கை."

திரும்பும் வழியில் பாதையோரத் தேநீர்க் கடையில் ஸ்கோன் என்ற பண்டத்தை வாங்கித் தந்தார். ரொட்டியா கேக்கா என்று முடிவெடுக்காத ஒரு பொருள். ஜாமைப் பூசி இரண்டு பேரும் நாலு தின்றோம்.

ஞாயிற்றுக்கிழமை சட்டன் என்ற இடத்தில் ஒரு மண்டபத்தில் கலியாணம் சிறப்பாக நடந்தது. ஐயர் நேரம் தவறவில்லை. தாலி ஏறியபோது நாதஸ்வரத்தைவிட அக்கா அழுத சத்தம் பெரிது. பந்தியில் குணம் அண்ணையும் நானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அவர் பாயசத்துக்கும் அப்பளத்துக்கும் நடுவில் இடது கையால் என் முழங்காலைத் தட்டி, எந்த ஈயத்தில் எவ்வளவு அந்திமனி உலோகம் கலந்தால் குண்டு எலும்பில் உடையாது என்று விளக்கினார். எதிரே இருந்த அவருடைய தங்கை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்காவிடம், உங்கள் தம்பி அருமையான ஆள், என் அண்ணையோடு இவ்வளவு நேரம் யாரும் பேசிக்கொண்டிருந்ததில்லை என்றாராம். என்ன பேசினோம் என்று அவர் கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை.

விமான நிலையத்தில் அக்கா பயிற்றம் பணியாரத்தால் என் பையை நிரப்பியிருந்தாள். பாதுகாப்புச் சோதனையில் பையைத் திறந்த பெண், இது என்ன என்று சைகையால் கேட்டாள். சொல்லத் தெரியாமல் ஒன்றை எடுத்துக் கடித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு மூடினாள். வரும்போது யாருடைய முகத்தையும் பார்க்காமல் வந்தவன், போகும்போது பக்கத்து இருக்கைக்காரருக்கும் ஒரு பணியாரம் நீட்டினேன்.

மூன்று கிழமை எந்தச் செய்தியும் இல்லை. எங்கள் ஊரில் பிர்ச் மரங்கள் மஞ்சளாகி உதிரத் தொடங்கிவிட்டன. ஒருநாள் தொழிற்சாலையில் தேநீர் இடைவேளையில் கைபேசி அதிர்ந்தது. குணம் அண்ணையின் குரல் பதிவு. கையுறையைக் கழற்றிக் காதில் வைத்தேன். காற்று இரைந்தது. மூச்சு வாங்கப் பேசினார்.

"தம்பி, மலையிலை நிண்டு கதைக்கிறன். பெரிய ஆண். மரத்துக்குப் பின்னாலையிருந்து தானா வந்தது. நான் இருந்துகொண்டு இருந்தன். கை ஆடேல்லை. ஒரு வெடி. பத்தடியும் போகேல்லை, விழுந்திட்டுது." தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. "குண்டைத் தேடினன் தம்பி. உள்ளுக்கை இல்லை. இஞ்சாலையும் ஓட்டை, அங்காலையும் ஓட்டை. ரெண்டரைப் பவுணும் எங்கையோ போட்டுது."

அதை இரண்டாம் முறையும் கேட்டேன். மேசையில் இருந்த நோர்வேக்காரர்கள் என் முகத்தைப் பார்த்து, ஊரில் குழந்தை பிறந்திருக்கிறதா என்று கேட்டார்கள். நான் எழும்பி வெளியே வந்தேன். துறைமுகத்தில் கடற்காகங்கள் கத்தின. கைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்து, அந்தச் சத்தத்துக்கு மேலாக உரத்துப் பேசினேன்.

"தேடாதையுங்கோ, அண்ணை. மலையிலை கிடக்கட்டும்."